உலகக் குடிமையை வகுப்பறையில் கற்பித்தல்: பிற நாட்டுப் பிள்ளையின் ஒரு செவ்வாய்க்கிழமை

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு வெளிநாடு புதிய விடயம் அன்று. ரொறன்ரோவில் மாமா, பாரிஸில் சித்தி, ஒஸ்லோவில் பெரியப்பா என்று ஏதோ ஓர் உறவு பெரும்பாலான வீடுகளில் உண்டு. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அவர்களில் பலர் குடும்பத்தோடு வந்து போகிறார்கள். ஆகவே பிற நாடுகளைப் பற்றிக் கற்பிக்க வகுப்புக்குள் நுழையும் ஆசிரியர், சொக்லேற் பெட்டியாலும் கைத்தொலைபேசியாலும் பனியில் நின்று எடுத்த ஒளிப்படத்தாலும் ஏற்கெனவே ஒரு வெளிநாட்டை மனதில் கட்டி வைத்திருக்கும் பிள்ளைகளின் முன்னால்தான் நிற்கிறார். அந்த வெளிநாட்டில் வாடகை கட்டுபவர் இல்லை. இரவு வேலைக்குப் போய் விடியற்காலையில் வந்து படுப்பவர் இல்லை. உறவினர் குடியேறாத ஆபிரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் அதில் இடமே இல்லை. வீட்டிலிருந்து வந்த இந்த அறிவைத் தள்ளிவிடாமல் அதிலிருந்து தொடங்கி, உறவினர் இல்லாத நாடுகள் வரை பிள்ளைகளை அழைத்துச் செல்வது எப்படி என்பதே இவ்வழிகாட்டியின் நோக்கம். தரம் 6 முதல் 9 வரை கற்பிப்போரை மனதிற்கொண்டு இது எழுதப்படுகிறது. புவியியல், வரலாறு, குடியியற் கல்வி ஆகிய பாடவேளைகளுக்குள்ளேயே இதைச் செய்துவிடலாம். தனிப் பாடவேளை கேட்டு அதிபரிடம் போகத் தேவையில்லை.

உலகக் குடிமை என்ற தொடர் பிள்ளைகளைக் குழப்பக்கூடியது. குடியுரிமையை ஒரு நாடு சட்டத்தால் வழங்குகிறது. உலகம் யாருக்கும் கடவுச்சீட்டுத் தருவதில்லை. இதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. ஐக்கிய நாடுகள் சபை 2015 இல் ஏற்றுக்கொண்ட 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் நான்காவது கல்வி பற்றியது, அதன் 4.7 என்ற பிரிவு, 2030 ஆம் ஆண்டுக்குள் கற்போர் அனைவரும் பெறவேண்டிய அறிவுகளுள் உலகக் குடிமையையும் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. பாடக்குறிப்பில் எழுத இது போதும். வகுப்பில் சொல்வதற்கு, நாம் சந்தித்திராத ஒருவருடைய வாழ்வைச் சரியாக அறிந்துகொள்ள முயல்வதும், நமது செயலால் அவருக்கும் அவரது செயலால் நமக்கும் என்ன நேர்கிறது என்று கேட்பதும்தான் இது என்ற விளக்கமே பொருத்தமானது. தரம் 9 மாணவரோடு ஒரு படி மேலே போகலாம். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் இலட்சக்கணக்கானோரை எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதோராக ஆக்கியதையும், அந்நிலை முற்றாகத் தீர 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்ததையும் எடுத்துச் சொன்னால், குடியுரிமை இல்லாத மனிதருக்கும் உரிமைகள் உண்டா என்ற கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வரும்.

முதற் பாடவேளை

ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, “வெளிநாட்டில் என் வயதுப் பிள்ளை ஒன்று எப்படி வாழ்கிறது?” என்ற கேள்விக்குப் பத்து வரிகள் எழுதச் சொல்லுங்கள். நாட்டின் பெயரை நீங்கள் குறிப்பிடக் கூடாது. எழுதிய தாள்களைத் திருத்தாமல், புள்ளியிடாமல், ஒரு கோப்பில் போட்டு வைத்துவிடுங்கள். எத்தனை பேர் “வெளிநாடு” என்றதும் கனடாவையோ லண்டனையோ எழுதினார்கள், எத்தனை பேர் இந்தியாவை ஒரு வெளிநாடாகக் கருதினார்கள், ஒருவராவது கென்யாவை நினைத்தாரா என்பதை மட்டும் உங்கள் குறிப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் பாடங்களுக்கான நாடுகளைத் தெரிவுசெய்ய இந்தக் குறிப்பே உதவும்.

நாடுகளைத் தெரிவுசெய்யும்போது உறவினர் வாழும் இரண்டு நாடுகளும் எவருக்கும் உறவினர் இல்லாத இரண்டு நாடுகளும் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். நான்குக்கு மேல் வேண்டாம். கொடி, தலைநகரம், நாணயம், தேசிய உடை ஆகிய நான்கையும் பிறிஸ்டல் போட்டில் ஒட்டிச் சுவரில் தொங்கவிடும் வேலை கண்ணுக்கு அழகாக இருக்கும். கல்விக் கண்காட்சியில் பரிசும் கிடைக்கும். ஆயினும் ஒரு நாட்டில் பிள்ளைகள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைப் பற்றி அது ஏறக்குறைய எதையும் கற்பிப்பதில்லை. பெருநாள் உணவும் நடனமும் அப்படித்தான். ஆண்டில் ஒரு நாள் நடப்பதை வைத்து மீதி 364 நாட்களை ஊகிக்க இயலாது.

ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை

அதற்கு மாற்றாக, தெரிவுசெய்த நாட்டில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்றின் சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஒன்றை, எழுவதிலிருந்து படுக்கப்போவது வரை, மணித்தியால வாரியாக அறிந்து எழுதுவதை வகுப்பின் வேலையாக வையுங்கள். பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் பல பாடசாலைகளுக்குப் புதன்கிழமை பிற்பகல் விடுமுறை என்பதால் புதன் பொருந்தாது. வெள்ளி முஸ்லிம் நாடுகள் பலவற்றில் வேறுபட்ட நாள். ஆகவே செவ்வாய் பாதுகாப்பானது. எங்கள் பக்கத்தில் செவ்வாய் பல வீடுகளில் மரக்கறி நாள் என்பதும் பதிலுக்கு நாம் அனுப்பவேண்டிய ஒரு தகவல்தான்.

கேள்விகளைத் தயாரிப்பதற்கே ஒரு முழுப் பாடவேளை ஒதுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் பிறகு வரும் எதுவும் சரியாக அமையாது. “அங்கே வாழ்க்கை எப்படி?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்ற பதில்தான் வரும். “உங்கள் பாடசாலை பெரியதா?” என்ற கேள்விக்கு “ஓம்” என்பதோடு கதை முடிந்துவிடும். பிள்ளைகள் எழுதும் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதி, எந்தக் கேள்வி ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடும், எந்தக் கேள்வி ஒரு காட்சியைக் கொண்டுவரும் என்று அவர்களையே பிரிக்கச் சொல்லுங்கள். நன்றாக வேலைசெய்யக்கூடிய சில கேள்விகள்: நேற்றுக் காலை நீ பல் துலக்கியபோது வெளியே வெளிச்சமா, இருட்டா? மத்தியானச் சாப்பாட்டை யார் சமைத்தார், கோப்பைகளை யார் கழுவினார்? எந்த வீதியைத் தனியாகக் கடக்க உனக்கு அனுமதி உண்டு? உன் வகுப்பில் இருப்பவர்களின் வீடுகளில் எத்தனை மொழிகள் பேசப்படுகின்றன? உனக்கு விருப்பமிருந்தும் வாங்கித் தரமாட்டோம் என்று வீட்டில் சொன்ன பொருள் எது?

முதற் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியாலமும் சில நிமிடங்களுமே வேறுபாடு. ஒஸ்லோவில் டிசம்பர் 21 ஐ ஒட்டிய நாட்களில் பகல் ஆறு மணித்தியாலத்தையும் எட்டுவதில்லை. சூரியன் காலை ஒன்பது மணிக்குப் பின்னரே உதிக்கிறது. ஜூன் மாதத்திலோ ஏறத்தாழ பத்தொன்பது மணித்தியாலம் வெளிச்சம் இருக்கும். இருட்டில் எழுந்து, இருட்டிலேயே பாடசாலைக்கு நடந்து, பிற்பகலில் விளையாடத் தொடங்கும்போது மீண்டும் இருட்டிவிடும் ஒரு பிள்ளையின் நாளைப் பற்றி நம் பிள்ளைகள் யோசிக்கத் தொடங்கும்போது, புவியியற் பாடத்தில் வரும் அட்சரேகை தானாகவே உள்ளே வந்துவிடுகிறது. அங்கே மகிழ்ச்சியா துன்பமா என்று நாம் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளியே பந்தடிக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கணக்கு நேராகும்.

சில தகவல்களில் வியப்புத் தலைகீழாக வரும். ஜப்பானில் மாணவர்களே வகுப்பறையைத் துப்புரவு செய்கிறார்கள் என்று உலகம் முழுவதும் வியந்து பகிரப்படும் காணொளிகளைப் பார்த்த நம் பிள்ளைகள், தாம் காலையில் தும்புத்தடியோடு நின்றதை ஒருவரும் ஏன் படம் பிடிக்கவில்லை என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி, பதில் சொல்ல அவர்களையே விடுங்கள். பின்லாந்தில் பிள்ளைகள் ஏழு வயதில்தான் முதலாம் வகுப்புக்குப் போகிறார்கள் என்பதும், அங்கு 1948 முதல் பாடசாலையில் மதிய உணவு எல்லாருக்கும் இலவசம் என்பதும் பெற்றோர் கூட்டத்தில் பேசவும் நல்ல விடயங்கள். வங்காளதேசத்தில் வெள்ளம் சூழும் பகுதிகளில் படகுகளே பாடசாலையாக வருகின்றன என்பதைக் கேட்டால், குறிகட்டுவான் துறையில் காலைப் படகுக்குக் காத்து நிற்கும் நெடுந்தீவு ஆசிரியர்களை அறிந்த பிள்ளைகளுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

தொலைபேசி, நேரம், குரற்பதிவு

நேரடியாகப் பேச விரும்பினால் முதலில் நேரக் கணக்கைச் செய்யுங்கள். அந்தக் கணக்கும் பிள்ளைகளின் வேலையே. நமது பாடசாலை காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை. குளிர்காலத்தில் ரொறன்ரோ நம்மைவிடப் பத்தரை மணித்தியாலம் பின்தங்கியது. நமது காலை 8.30 அங்கே முதல்நாள் இரவு பத்து மணி. எனவே கனடாப் பிள்ளை ஒருவரோடு பாடவேளைக்குள் பேசுவது நடைமுறைக்கு ஒவ்வாது. ஒஸ்லோவும் பாரிஸும் குளிர்காலத்தில் நாலரை மணித்தியாலம் பின்தங்கியவை. நமது கடைசிப் பாடவேளையில் 12.50 ஆகும்போது அங்கே காலை 8.20. சிட்னியோ நமக்கு முன்னால் ஓடுகிறது, நமது 8.30 அங்கே பருவத்துக்கு ஏற்பப் பிற்பகல் ஒரு மணி அல்லது இரண்டு மணி. ஐரோப்பாவில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறிலும் ஒக்ரோபர் கடைசி ஞாயிறிலும் கடிகாரத்தை மாற்றுவார்கள் என்பதை மறந்தால், ஒரு வகுப்பே திரையைப் பார்த்துக் காத்திருக்க நேரிடும்.

என் கருத்தில் நேரடி அழைப்பைவிட வட்ஸ்அப் குரற்பதிவே மேலானது. இணையம் அறுந்து போனாலும் பாடம் அறுவதில்லை. கூச்சமுள்ள பிள்ளையும் தன் கேள்வியை மூன்று முறை பதிந்து பார்த்து அனுப்பலாம். வந்த பதிலை நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். பதிவுகள் ஆசிரியரின் தொலைபேசி ஒன்றிலிருந்து, மறுபக்கத்துப் பெற்றோர் ஒருவரின் தொலைபேசிக்கே செல்ல வேண்டும். இருபுறத்துப் பெற்றோரின் சம்மதத்தையும் எழுத்தில் பெறுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களையும் முழுப் பெயரையும் முகவரியையும் பரிமாற வேண்டாம். திருவிழாக் காலத்தில் ஊருக்கு வந்து நிற்கும் பிள்ளை ஒன்றை வகுப்புக்கு அழைக்க வாய்ப்புக் கிடைத்தால், தொலைபேசிப் படங்களுக்குப் பதிலாகத் தன் பாடசாலை நேரசூசியையும் சாப்பாட்டுப் பெட்டியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பேச்சு அவற்றிலிருந்து தானாகக் கிளைக்கும்.

ஒன்றைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். “யார் வீட்டில் வெளிநாட்டில் ஆள் இருக்கிறது, கையை உயர்த்துங்கள்” என்று கேட்காதீர்கள். உயராத கைகளும் அந்த வகுப்பில் இருக்கும். தந்தை கட்டாரில் வேலைசெய்து பணம் அனுப்பும் பிள்ளை, தரகருக்குக் கொடுத்த கடனோடு திரும்பி வந்தவரின் பிள்ளை, காணாமற்போன ஒருவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் வீட்டுப் பிள்ளை, ஒரே ஒரு தொலைபேசி அழைப்புக்கும் உறவில்லாத பிள்ளை எல்லாரும் அடுத்தடுத்த வாங்கில்களில் இருக்கிறார்கள். உறவினர் எப்படிப் போனார், எந்த விசாவில் இருக்கிறார் என்ற கேள்விகளும் வகுப்புக்கு உரியவை அல்ல. குரற்பதிவுத் தொடர்புகளை ஆசிரியர் தாமே ஏற்பாடு செய்து, வந்த பதில்களை வகுப்பின் பொதுச் சொத்தாக வைத்தால் இன்னாருடைய மாமா என்ற பேச்சே எழாது.

உருண்டையும் ஒரு துண்டு நூலும்

பாடசாலையில் பூகோள உருண்டை ஒன்று எங்கோ ஒரு அலுமாரிக்குள் இருக்கும்; தூசி தட்டி எடுங்கள். சுவர்த் தேசப்படத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு அடிமட்டம் வைத்துக் கோடு போட்டால், கோடு அரபுக்கடல், வட ஆபிரிக்கா, அத்திலாந்திக் சமுத்திரம் வழியே போகும். உருண்டையில் ஒரு நூலை இரு முனைகளிலும் இறுக்கிப் பிடித்தாலோ அது இந்தியா, பாகிஸ்தான், கசகஸ்தான், ருஷ்யா, நோர்வேயின் வடகோடி, கிறீன்லாந்து ஆகியவற்றைத் தொட்டுக்கொண்டு போகும். நூல் தொட்ட நாடுகளின் பெயர்களைப் பிள்ளைகள் எழுதட்டும். பல தேசப்படங்களில் கிறீன்லாந்து ஆபிரிக்காவின் அளவுக்குத் தெரிகிறது. உண்மையில் ஆபிரிக்கா அதைப்போல் ஏறத்தாழ பதினான்கு மடங்கு பெரியது. கண்ணால் கண்ட படமும் பிழைக்கலாம் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட எனக்குத் தெரிந்து வேறு வழியில்லை.

உறவினர் இல்லாத நாடுகளுக்குப் போக, ஊரில் உள்ள பொருளிலிருந்து புறப்படுவதே சுலபம். புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பிள்ளைகளில் பலர் பார்த்திருப்பார்கள். யாழ் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் ஊடாக இறங்கி நிலத்தடியில் தங்குகிறது. பாறை கரைந்து கூரை இடிந்த இடத்தில் நிலாவரை போன்ற கிணறு தோன்றுகிறது. மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். மெக்சிக்கோவின் யுகற்றான் குடாநாட்டிலும் அச்சொட்டாக இதே கதை. அங்கும் நிலத்தின் மேல் ஆறுகள் அரிது. அங்கும் சுண்ணாம்புக் கல். செனோற்றே எனப்படும் அத்தகைய கிணறுகளை நம்பியே மாயா மக்கள் ஊர்களை அமைத்தார்கள். நம் தோட்டங்களில் அளவுக்கு மீறி இடும் உரம் நைத்திரேற்றாகக் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் அங்கும் கழிவுநீர் நிலத்தடிக்கு இறங்கும் கவலை இருக்கிறது. மெக்சிக்கோவில் உறவினர் ஒருவரும் இல்லாத வகுப்புக்கு, ஒரே வகைக் கிணற்றிலிருந்து தண்ணீர் குடிக்கும் பிள்ளைகள் உலகின் மறுபக்கத்தில் இருக்கிறார்கள் என்ற செய்தி பெரிய செய்தி.

பனையும் அப்படியே. கம்போடியாவின் தேசிய மரம் நமது பனைதான். அங்கோர் வாட் கோவிலின் முன்னால் பனைகள் நிற்பதைப் படத்தில் காட்டலாம். அங்கே சீவுபவர் மரத்தோடு கட்டிய மூங்கிலை ஏணியாக்கி ஏறுகிறார். இங்கே காலில் தளைநார் போட்டு ஏறுகிறார்கள். அங்கும் பாளையைத் தட்டிச் சீவிச் சாறு எடுத்துக் காய்ச்சிச் சர்க்கரை செய்கிறார்கள். மாணவர் ஒரு பனங்கட்டிக் குட்டானை வகுப்புக்குக் கொண்டுவந்து, அது மரத்திலிருந்து இங்கு வந்த வழியைப் பட்டியலிட்டபின் கம்போடியப் படங்களைப் பார்த்தால், எது ஒன்று, எது வேறு என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தம் நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள்; நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று, காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. வரலாற்றுப் பாடவேளை ஒன்றை இதற்குக் கொடுக்கலாம். அங்கு வாழ்ந்த மக்களிடம் யாராவது கேட்டார்களா என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கென்யாவை எடுப்பதானால் தேயிலையிலிருந்து தொடங்குங்கள். இலங்கையைப்போலவே கென்யாவும் தேயிலையைப் பெருமளவில் ஏற்றுமதி செய்கிறது. கெரிச்சோ மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளையையும் ஹற்றனில் கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் எந்தச் சந்தியில் எந்தக் கடை என்று சொல்லும் நம் பிள்ளைக்கு ஹற்றனிலோ மொனராகலையிலோ ஒரு பிள்ளையின் செவ்வாய்க்கிழமை தெரியாது என்பது இந்த வேலையின்போது வெளிப்படும். அதை நழுவவிடாமல், நான்கு நாடுகளோடு இலங்கையின் வேறு மாவட்டம் ஒன்றையும், முடிந்தால் சிங்களமொழிப் பாடசாலை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உரிமையும் உதவியும்

1989 நவம்பர் 20 இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் உறுப்புரைகளை மனப்பாடம் செய்விப்பதில் பயனில்லை. இரண்டை மட்டும் எடுங்கள். பன்னிரண்டாவது, தன்னைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உள்ள உரிமை. முப்பத்தோராவது, ஓய்வுக்கும் விளையாட்டுக்குமான உரிமை. கடந்த வாரத்தில் தமது ஓய்வு நேரத்தையும் ரியூசன் நேரத்தையும் பிள்ளைகள் கூட்டிப் பார்க்கட்டும். புலமைப்பரிசில் ஆண்டில் அது எப்படி இருந்தது என்றும் நினைவுகூரட்டும். இந்த இடத்தில் வகுப்பு சற்றுச் சூடாகும், சூடாகட்டும். உரிமை என்பது தொலைவில் உள்ள ஏழை நாட்டுப் பிள்ளைக்கு மட்டும் இல்லாமற்போன ஒன்று என்ற எண்ணம் அங்கே உடையும். நமது ஊரில் யாரை எந்த வீட்டுக்குள் அழைப்பதில்லை, யார் எந்தக் கிணற்றில் அள்ள முடியாமல் இருந்தது என்ற பேச்சும் எழலாம். ஆசிரியர் அதற்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருக்க வேண்டும். பேச்சை மாற்றுவது ஆயத்தம் ஆகாது.

பிற நாட்டுத் துன்பங்களைச் சொல்லி உண்டியல் குலுக்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். இரக்கம் ஒரு பிள்ளையை மேலேயும் மற்றப் பிள்ளையைக் கீழேயும் நிறுத்திவிடுகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைக்கு வந்த உதவிப் பொதிகளில் குளிர்கால மேலங்கிகளும் இருந்தன. வடமராட்சி கிழக்கில் அக்காலத்தை அனுபவித்த பெரியவர் ஒருவரை அழைத்து, வந்தவற்றில் எது உதவியது, எது மூலையில் கிடந்தது, எவராவது என்ன தேவை என்று கேட்டார்களா என்று பிள்ளைகள் வினவட்டும். உதவி பெற்றவர்களின் பிள்ளைகள் என்பதால், கொடுப்பதைப் பற்றி நம் மாணவருக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது.

பெற்ற செவ்வாய்க்கிழமைகளுக்கு ஈடாக நமது செவ்வாய்க்கிழமை ஒன்றையும் எழுதி அனுப்ப வேண்டும். இங்கே பிள்ளைகள் உடனே நல்லூர்க் கோபுரத்தையும் கோட்டையையும் பனந்தோப்பையும் வரையத் தொடங்குவார்கள். வரையட்டும்; பிறகு, இதைப் பார்க்கும் ஒஸ்லோப் பிள்ளை நீங்கள் கோட்டைக்குள் வசிப்பதாக நினைக்காதா என்று கேளுங்கள். துவிச்சக்கரவண்டிச் சில்லுக்குக் காற்றடித்தது, மத்தியானம் வந்ததும் சீருடையைக் கழற்றி மடித்து வைத்தது, மின்சாரம் நின்றது, தங்கையோடு சண்டை பிடித்தது எல்லாம் அப்போது தாளில் வரும்.

மதிப்பீட்டுக்கு, முதற் பாடவேளையில் எழுதிய தாளை ஒரு தவணை கழித்து மீண்டும் எழுதச் சொல்லுங்கள். பழையதை அவர்களுக்குக் காட்டாதீர்கள். இரண்டையும் நீங்கள் ஒப்பிடும்போது “எல்லாரும்”, “எப்போதும்”, “அங்கே” என்ற சொற்கள் குறைந்து, நாட்டின் பெயரும் நேரமும் “சிலர்” என்ற சொல்லும் கூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். புள்ளிப்பட்டியல் கேட்கும் அதிபருக்கு, ஒரே மாணவரின் இரு தாள்களையும் சேர்த்துப் பிணைத்துக் கொடுத்தால் போதும்.